நீலப் புகையும் நல்ல கம்ப்ரஷனும்

திங்கள்
ரீபோர் செய்து கட்டிய 796 சிசி மாருதி 800 இன்ஜின் ஆயில் குடிக்கிறது. புகை நீலம். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் கூடுதல். வெள்ளையாக விடாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர். புகை எப்போது வருகிறது என்பதுதான் முதல் தடயம். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் குபீரென்று தள்ளினாலோ, இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கையில் தள்ளினாலோ வால்வு சீல், கைடு பக்கம் பார்க்க வேண்டும். பாரம் இழுக்கும்போது தொடர்ந்து புகைந்தால் ரிங். இந்த வண்டி மேம்பாலம் ஏறுகையில் புகைகிறது.

செவ்வாய்
1, 3 பிளக்குகள் வெளிர் பழுப்பு. இரண்டாவதில் கரிமேல் ஆயில் ஈரம். தொட்டால் விரலில் ஒட்டுகிறது.

கம்ப்ரஷன் பார்க்க இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லாப் பிளக்கும் வெளியே. பேட்டரி முழு சார்ஜில். ஆக்ஸிலேட்டர் அடிவரை மிதித்தபடி. மிதிக்க மறந்தால் உள்ளே காற்று போதாமல் நல்ல இன்ஜினும் நோயாளியாகத் தெரியும். கேஜ் காட்டியது: 170, 165, 170 பிஎஸ்ஐ. சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதம்வரை வித்தியாசம் பொதுவாக ஏற்கத்தக்கது. ஆக, குறையே இல்லை.

பலர் ஏமாறுவது இங்கேதான். கம்ப்ரஷனைத் தாங்குபவை மேல் ரிங்குகள். சுவரில் ஏறும் ஆயிலை வழித்து இறக்குவது அடியிலுள்ள ஆயில் ரிங். கேஜ் அதை விசாரிப்பதே இல்லை. போதாததற்கு, சுவரில் தேங்கிய ஆயில் இடுக்குகளை அடைத்து எண்ணைக் கூட்டியும் காட்டும்.

புதன்
கம்ப்ரஷன் குறைந்திருந்தால் வழி வேறு. பிளக் ஓட்டையில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவே கேஸ்கெட் போயிருக்கலாம். பிஸ்டனை மேலே நிறுத்தி, இரு வால்வும் மூடிய நிலையில் காற்று ஏற்றினால் கசிவே இடத்தைச் சொல்லும்: கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட்.

வெள்ளி
ஹெட்டும் சம்ப்பும் கழற்றி இரண்டாவது பிஸ்டன் வெளியே வந்தது. ஆயில் ரிங் மூன்று துண்டு: இரண்டு மெல்லிய தகடு, நடுவே நெளிநெளியான ஸ்பிரிங். அதன் இரு முனைகளும் முட்டி நிற்க வேண்டும். இங்கே ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. சுற்றளவு குறைந்ததால் தகடுகளுக்குச் சுவரை அழுத்தும் விசை இல்லை. மாட்டும்போது அரை நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் போதும். இரண்டாவது ரிங்கைத் தலைகீழாகப் போட்டாலும் அது ஆயிலை மேலே ஏற்றும்; அதன் குறி மேல்நோக்கியே இருந்தது.

சனி
சுவர் கண்ணாடிபோல் வழவழத்திருந்தால் புது ரிங்கும் படியாது. ஆகவே லேசான ஹோனிங். புது ரிங் செட்டை சிலிண்டருக்குள் வைத்து வாய் இடைவெளி அளந்தாயிற்று, சுமார் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர். ஓடவிடும்போது நெடுநேரம் ஐடிலில் நிறுத்தக் கூடாது. மிதமான பாரத்தில் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் வாயு அழுத்தம் ரிங்கைச் சுவரோடு படியவைக்கும். முதல் 1000 கிலோமீட்டர்வரை டிப்ஸ்டிக்கை அடிக்கடி பார்க்க வேண்டும்.