லண்டனில் பிங்க் மெஷினைத் தேடுங்க!

லண்டன் ரயிலில் டிக்கெட் விலை பெரும்பாலும் எத்தனை கிலோமீட்டர் போனோம் என்பதைப் பொறுத்தது இல்லை. எந்தெந்த ஜோன் வழியாகப் போனோம் என்பதுதான் கணக்கு. தோசைக்கல்லில் மாவை நடுவில் ஊற்றி வட்டம் வட்டமாக இழுப்போமே, அந்த மாதிரி ஊரைப் பிரித்திருக்கிறார்கள். நடு வட்டம் ஜோன் 1. பிக் பென், பக்கிங்ஹாம் அரண்மனை எல்லாம் அங்கேதான். ஹீத்ரோ விமான நிலையம் ஜோன் 6. ஜோன் 9-ல் வரும் ஆமர்ஷாம் லண்டனிலேயே இல்லை, வேறு மாவட்டம்!

நடு வட்டத்துக்குள் நுழைந்தால் கட்டணம் கூடிவிடும். அதனால், சுற்றிப் போவதுதான் மலிவு.

ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி இரண்டிலும் நம் தமிழர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒன்று கிழக்கே, இன்னொன்று வடமேற்கே. ஈஸ்ட் ஹாமிலிருந்து வெம்ப்ளி சொந்தக்காரர் வீட்டுக்கு நடுநகரம் வழியாகவும் போகலாம். வெஸ்ட் ஹாம், ஸ்ட்ராட்ஃபோர்ட், வில்லெஸ்டன் ஜங்ஷன் என்று மாறி மாறி, நடு வட்டத்தைத் தொடாமலும் போகலாம். ஆனால் நீங்கள் எந்த வழியில் போனீர்கள் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தானே கார்டைத் தட்டுகிறோம்!

அதற்குத்தான் ரயில் மாறும் சில ஸ்டேஷன்களில் பிங்க் நிற மெஷின். வில்லெஸ்டன் ஜங்ஷனில் உண்டு. அதில் தட்டினால் தனியாகப் பணம் பிடிக்காது, 'இந்த வழியாக வந்தேன்' என்று சாட்சி மட்டும் சொல்லும். கடைசியில் இறங்கும் இடத்திலும் வழக்கம்போலத் தட்ட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம்தான். ஏறும்போது போனையும் இறங்கும்போது கார்டையும் தட்டினாலும் அதே கதிதான், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும்!

இந்தக் கோடுகள் மனிதர்கள் போட்டவைதானே, மாறவும் செய்யும். ஜோன் 3-ல் இருந்த ஸ்ட்ராட்ஃபோர்டை 2016 ஜனவரியில் 2-க்கும் 3-க்கும் நடுவே எல்லை ஸ்டேஷன் ஆக்கினார்கள். தண்டவாளம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனால் அங்கிருந்து தினமும் நடுநகருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் செலவு குறைந்தது. வாடகைக்கு வீடு பார்க்கிறவர்கள் 'எந்த ஜோன்?' என்று கேட்பது இதனால்தான்.

பஸ்ஸுக்கு இந்த வட்டமெல்லாம் கிடையாது. ஊர் முழுக்க ஒரே கட்டணம். முதல் பஸ்ஸில் தட்டிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் கூடுதல் காசு இல்லை. நடுநகர ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்க விடியுமுன் கிளம்புகிறவர்கள் பலர் அந்தச் சிவப்பு பஸ்ஸில்தான், தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.