விடை தவறினாலும்...

பட்டம் பெற்றபின் ஆராய்ச்சியில் இறங்க வேண்டும் என்பது என் அவா. ஆனால், ஆயுள் முழுதும் உழைத்துக் கண்ட முடிவு தவறாகிவிட்டால்? இந்த அச்சத்தைப் போக்கியவர் இலியா மெச்னிகோவ்.

1845-இல் ரஷ்யப் பேரரசில் பிறந்து, 1888 முதல் பாரிஸ் நகரில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களைப் பற்றிய ஆய்வுக்காக 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பெருங்குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நச்சே மூப்புக்குக் காரணம் என்றும், புளித்த பாலிலுள்ள பாக்டீரியா அவற்றை அடக்கும் என்றும் நம்பினார். தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். 1916-இல் 71 வயதில் மறைந்தார்.

அவர் போற்றிய பல்கேரிய பாக்டீரியா மனிதக் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை எனப் பின்வந்தோர் கண்டனர். அவர் பழித்த பெருங்குடல் பாக்டீரியாக்களுள் பலவோ, நார்ச்சத்தைப் புளிக்கவைத்துக் குடற்சுவருக்கு ஊட்டம் தருகின்றன!

அப்படியாயின் அவர் தோற்றாரா? இல்லை என்பேன். குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு, உணவால் அவற்றை மாற்றலாமா என்று அவர் எழுப்பிய வினாக்களை இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் ஆராய்கின்றன. தேர்வுக்காக விடைகளையே உருப்போடும் நாம், நல்ல வினா ஒன்றையேனும் எழுப்பக் கற்றுக்கொள்வோம்!