தாத்தாவின் டிரங்குப் பெட்டி

சங்கத்து நண்பர்கள் பலருக்கும் சிறு வயதில் தபால் தலை சேர்க்கும் பைத்தியம் இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. அதனால் விளைந்த ஒரு விபரீதத்தை இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் திருவையாற்றுக்கு அருகே உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பழைய வீட்டை இடித்துக் கட்டுவதென்று முடிவாகியிருந்தது. பரணிலிருந்து தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே நிலப் பத்திரங்கள், கடிதங்கள், தாத்தா பல காலம் காரியதரிசியாக இருந்த ஊர் வாசகசாலையின் கணக்கு நோட்டுகள் என்று மூன்று கட்டுகள். பெரியப்பா பத்திரக் கட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். "மத்ததைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடு தம்பி" என்றார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. முப்பது ஆண்டு கடந்த பத்திரம் உரியவர் காவலிலிருந்து வந்தால், அதிலுள்ள கையெழுத்து மெய்யானதென்றே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் ஒன்று: பதிவான பத்திரம் தொலைந்தால் பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கலாம். கடிதத்துக்கு எங்கே போய் நகல் கேட்பது? நகல் கிடைப்பதைப் பெட்டகத்தில் பூட்டுகிறோம். கிடைக்காததை எடைக்குப் போடுகிறோம்!

நிற்க. என் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாயியின் அண்ணன் வேலை தேடி நாம் படிக்கும் இதே டில்லிக்கு வந்தவர். கரோல்பாகிலிருந்து சில கார்டுகள் எழுதினார். பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. "கடைசியா எழுதுனது எந்த வருஷம்னு பாரு சாமி" என்றாள் அப்பாயி. கார்டில் 'மாசி 9' என்று மட்டும் இருந்தது. வருஷம் தபால் முத்திரையில் இருந்திருக்கும். அந்த மூலையைத்தான் காணோம். பத்து வயதில் கத்தரிக்கோலால் நான் வெட்டியெடுத்தது. மறுபக்கத்தில் இருந்த இரண்டு வரியும் அதோடு போயிற்று. அப்பாயியிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

இதற்கிடையே இன்னொரு தவறும் செய்திருந்தேன். அந்தக் கார்டு வாசகசாலை நோட்டு ஒன்றில் செருகியிருந்தது. இடம் மாறிக் கிடப்பதாக எண்ணி, நான்தான் எடுத்துக் கடிதங்களோடு சேர்த்தேன். வைத்தவர் வைத்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது ஆவணக் காப்பகங்களில் பாலபாடம். 1891இல் கல்கத்தாவில் தொடங்கி இன்று ஜனபத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தை எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். பாடம் மட்டும் ஏறவில்லை.

கார்டை மறுபடி படித்தேன். 'வாசகசாலைக்கு அனுப்பிய ஐந்து ரூபாய் வந்ததா?' என்று ஒரு வரி. எட்டு நோட்டுகளையும் விடிய விடியப் புரட்டினேன். ஐந்தாவது நோட்டில் தாத்தாவின் கையெழுத்தில், '1973 பிப்ரவரி 17, டில்லி மணியார்டர், நன்கொடை ரூ. 5' என்றிருந்தது. வரவுக்குச் சாட்சியாகத்தான் கார்டை அங்கே செருகியிருக்கிறார்!

பெரியப்பா மறுநாளே நோட்டுகளைத் தம் பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டார். துருப்பிடித்த குண்டூசிகளைக் களைந்து, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். லாமினேஷன் செய்யலாம் என்றவர்களைத் தடுத்துவிட்டேன். அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிப்பது துர்லபம். செல்லோடேப்பும் அப்படித்தான், நாளடைவில் பழுப்பேறிக் கறை விட்டுப்போகும்.

வருஷத்தை அப்பாயியிடம் சொல்லி, மூலையை வெட்டியவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. விரல்விட்டு எண்ணினாள். "உங்கப்பன் அப்பதான் தவழ ஆரம்பிச்சிருந்தான்" என்றாள்.

மற்றக் கடிதங்களையெல்லாம் காகித உறையில் போட்டாயிற்று. அந்த ஒரு கார்டை மட்டும் அவள் தரவில்லை.