பல்லக்கில் படுத்திருந்த தளபதி

இரண்டே கேள்வியில் ஒரு வழக்கை முடித்துவிட முடியுமா என்று ஜூனியர்கள் கேட்டால், நான் சொல்வது கி.மு. 241-ல் ரோமில் நடந்த வழக்கை. படித்த நாள் முதல் மனதைவிட்டு அகலாத வழக்கு அது.

அந்த ஆண்டு மார்ச்சில், சிசிலிக்கு மேற்கே ஏகேட்ஸ் தீவுகளருகே கார்த்தேஜின் கப்பற்படையை ரோம் முறியடித்தது. 50 கப்பல்கள் மூழ்கின, 70 பிடிபட்டன. படைக்குத் தலைமை தாங்கிய கான்சல் லுட்டாட்டியஸ் கட்டுலஸுக்குச் செனட் வெற்றி ஊர்வலம் அளித்தது. அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பிரீட்டர் வலேரியஸ் ஃபால்டோ தனக்கும் வேண்டும் என்றார். கான்சல் மறுத்தார். ரோமானிய முறைப்படி பந்தயம் கட்டி, இருவரும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் போனார்கள். நடுவர் அட்டிலியஸ் கலாட்டினஸ், சிசிலியில் தானே படை நடத்தியவர்.

ஃபால்டோவின் வாதம் லேசானதல்ல. கான்சல் நடக்க முடியாமல் பல்லக்கில் படுத்திருந்தார், தளபதியின் வேலை முழுவதையும் செய்தவன் நான் என்றார். அவருக்காக ஆஜராகியிருந்தால் நானும் இதையேதான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

கலாட்டினஸ் கேட்டார்: போரிடுவதா வேண்டாமா என்பதில் உங்களுக்குள் கருத்து மாறுபட்டிருந்தால் யார் ஆணை நின்றிருக்கும்? கான்சலுடையது. இருவரும் பார்த்த சகுனங்கள் முரண்பட்டிருந்தால்? அதுவும் கான்சலுடையதுதான். பிரதிவாதி வாயே திறக்கவில்லை. தீர்ப்பு அவர் பக்கம். ரோமானிய எழுத்தாளர் வலேரியஸ் மாக்சிமஸ் இதை எழுதிவைத்திருக்கிறார்.

சகுனக் கேள்வியை இன்று படிக்கும் ஜூனியர்கள் சிரிப்பார்கள். ரோமானியத் தளபதிக்கோ அது கடமை. புனிதக் கோழிகள் தீனியைக் கொத்தினால்தான் போர். 8 ஆண்டுகளுக்கு முன் அதே கடற்பகுதியில், தின்ன மறுத்த கோழிகளை ரோமானியத் தளபதி கிளாடியஸ் புல்கர் கடலில் எறிந்தார் என்பார்கள். தோற்றுத் திரும்பியவரை விசாரித்து அபராதமும் விதித்தார்கள்.

முதல் கேள்விதான் உயிர்நாடி. ஏகேட்ஸ் போர் நாளன்று காலை கடல் கொந்தளித்தது. காற்று எதிரிக்குச் சாதகம். ஆனால் எதிரிக் கப்பல்களில் தானியச் சுமை. சிசிலியின் எரிக்ஸ் மலையில் இருந்த கார்த்தேஜ் தளபதி ஹமில்காரின் வீரர்களை ஏற்றிக்கொண்டால் அவற்றின் பலம் கூடிவிடும். அதற்குள் மோதிவிட வேண்டும் என்று முடிவெடுத்தவர் லுட்டாட்டியஸ்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் போலிபியஸ். கப்பல் தளத்தில் நின்று எவ்வளவு திறமையாகப் போரை நடத்தினாலும், அந்த முடிவின் பொறுப்பு ஃபால்டோவின் தலையில் இல்லை. தோற்றிருந்தால் விசாரணைக்கூண்டில் நிற்க வேண்டியவர் கான்சல். தீர்ப்பு சரி என்றே நான் வாதிடுவேன்.

ஆனாலும் ரோமின் ஊர்வலப் பட்டியல் கல்வெட்டில் அக்டோபர் 4 கட்டுலஸ் பெயரிலும், அக்டோபர் 6 ஃபால்டோ பெயரிலும் இருக்கிறது. உழைத்தவருக்கும் ஊர்வலம் கிடைத்ததில் எனக்கு மனநிறைவு.