அடிவயிற்றில் கேட்கும் ஒலி

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இப்போது ஒரு கார் வருவதை அதன் எஞ்சின் அறிவிப்பதில்லை. பாட்டு இன்னதென்று புலப்படுவதற்கு முன்னரே அதன் ‘டும் டும்’ வீட்டுக்குள் புகுந்து யன்னற் கண்ணாடியை அதிரச் செய்துவிடுகிறது. பாடகரின் குரலை மதில் ஓரளவு தடுக்கும். 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ சுமார் எட்டரை மீற்றர். ஒரு காரின் நீளத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அதற்கு நமது மதில்கள் ஒரு பொருட்டே அல்ல.

என் தங்கையின் மகன் தன் பழைய ரொயோட்டாவில் இருந்த 8 அங்குலச் சப்வூஃபரை அகற்றி 12 அங்குலத்துக்கு மாற விரும்பினான். “மாமா, நீங்களும் வாங்கோ” என்றான். நிருபனாக வாழ்ந்தவனுக்கு விசாரிக்க ஒரு விடயம் கிடைத்தால் போதாதா?

கடைக்காரர் வாட் கணக்கில்தான் பேசினார். 100 வாட்டை 200 ஆக்கினால் ஒலி இருமடங்காகக் கேட்காது. 3 டெசிபெல் மட்டுமே கூடும். இருமடங்காகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு வலு வேண்டும். இதைச் சொன்னதும் அவர் என்னுடன் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

உண்மையில் பெட்டியே முக்கியம். ஒலிபெருக்கியின் தாள் முன்னே தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கிறது. தாழ்ந்த ஒலியில் இவ்விரு அலைகளும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும். பின்னலையை அடைத்துவைப்பதற்கே பெட்டி. எங்கள் இளமையில் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்துப் பாட்டுக் கேட்டோமே, அதுவும் இதே தத்துவந்தான். குழாய் வைத்த பெட்டி கூடுதலாக முழங்கும். ஆனால் சரியாக அமைக்காவிட்டால் எல்லாப் பாட்டுக்கும் ஒரே முழக்கந்தான். மருமகன் மூடிய பெட்டியைத் தெரிந்துகொண்டான். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி அதில் விழுந்த இடத்திலேயே நின்றது.

சுருதி கூட்டுவதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது. 80 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றை வடிகட்டி மற்ற ஸ்பீக்கர்களிடம் விட்டோம். வானொலிப் பெட்டியின் ஒலியை முக்கால் பங்கில் வைத்து, ‘கெயின்’ திருகியை ஒலி கரகரக்கும்வரை ஏற்றிப் பின் சற்றே இறக்கினோம். ஸ்பீக்கர் வயர்கள் இரண்டையும் ஒருமுறை மாற்றிக் கொடுத்தபோது ஒலி திடீரெனத் திரண்டு வந்தது. அதுவரை அது முன் ஸ்பீக்கர்களுக்கு எதிர்த்திசையில் அசைந்திருக்கிறது. பற்றரியிலிருந்து வரும் தடித்த வயருக்கு, பற்றரியின் அருகிலேயே ஃபியூஸ் போட்டோம். இதைத் தவறவிட்டால் பாட்டு அல்ல, காரே எரியும்.

வேடிக்கை பார்க்க வந்த அயலவர் தம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55க்கும் ஒன்று பூட்டலாமா என்று கேட்டார். அந்தக் காரில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய அம்பிளிபயரை அப்படியே பூட்டினால் அது புகைந்துவிடும்.

1990 ஜூனில் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பிறகு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டும் செய்தியும் கேட்டவர்கள் நாங்கள். அந்த டைனமோவின் வலு 3 வாட். சுற்றுகிறவனின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். மருமகன் அதற்குப் பிறகு பிறந்தவன். 3 வாட்டில் ஓர் ஊரே கேட்டது என்பது அவனுக்குக் கதை.

வேலை முடிந்ததும் அவன் தாயைக் காருக்குள் இருத்திப் பாட்டைப் போட்டான். முதல் அடி விழுந்ததும் தங்கையின் கை கதவுப்பிடிக்குப் போயிற்று. பலாலிப் பக்கமிருந்து எறிகணை புறப்படும் ஒலியை முதலில் நெஞ்சுதான் கேட்கும். அது வந்து விழுவதற்குள் பங்கருக்குள் இறங்கிவிட வேண்டும். அந்தக் கணக்கை அவள் மூன்று பிள்ளைகளோடு போட்டவள். “நல்லாத்தான் இருக்கு தம்பி, கொஞ்சம் குறை” என்று மட்டும் சொன்னாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஸ்ரான்லி வீதிக்குப் போய், சப்வூஃபரை மாத்திரம் தனியே கூட்டிக் குறைக்கும் சிறு திருகி ஒன்றை வாங்கிவந்து ஸ்டியரிங்கின் கீழே பூட்டினான். பருத்தித்துறை வீதியில் அது முழுதாகத் திறந்திருக்கும். எங்கள் ஒழுங்கை முகப்பில் மூடிவிடுகிறான். இலக்கத் தகடுதான் இன்னும் கிலுகிலுக்கிறது. அதற்கு றப்பர் வைக்க வேண்டும்.