மண்டபம் பேணியது

நியூ ஓர்லியன்ஸ் நகரத்துச் சென் பீற்றர் வீதியிலே, பிரிசர்வேஷன் மண்டபத்தினுள் நாம் நுழைந்தபோது கண்டவை நிறம் மங்கிய சுவர்களும் சில மரவாங்குகளுமே. வாங்கில் இடம் கிடையாதோர் நின்றே கேட்டனர். ஒலிபெருக்கியின் துணையின்றி ஜாஸ் இசை எழுந்தது.

1961ஆம் ஆண்டில் இம்மண்டபம் தொடங்கியபோது, அமெரிக்கத் தென்மாநிலங்களில் நிறப்பிரிவினை கோலோச்சிற்று. அந்நாளிலேயே கறுப்பரும் வெள்ளையரும் இங்கே தோளோடு தோள் நெருங்கி அமர்ந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்து பிழைத்த ஜோர்ஜ் லூயிஸ் இங்கே கிளாரினெற் வாசித்தார். அவரையொத்த முதிய கறுப்பினக் கலைஞர் பலருக்கு இம்மண்டபம் மேடையோடு ஊதியமும் அளித்தது.

'பேணல்' என்பதே மண்டபத்தின் பெயர்ப்பொருள். உழைக்கும் மக்கள் படைத்த இசையைப் பேணுவதென்றால், அதனை இசைப்பவனின் வீட்டில் அடுப்பெரிய வழிசெய்தலும் அதனுள் அடங்கும். கலை வளர்க்கப் புறப்படுவோர் இதனை மறத்தலாகாது.