அட்டை சேர்ப்போர் அறிய வேண்டிய சொற்கள்



இடைவேளையில் நீங்கள் விளையாட்டு வீரர்களின் படஅட்டைகளை மாற்றிக்கொள்வதைக் காண்கிறேன். சென்ற தவணையில் இரண்டாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன், ‘ரூக்கி’ என்னும் சொல்லில் மயங்கிப் பத்து அட்டைகளைக் கொடுத்து ஒன்றைப் பெற்றான், பின்னர் அழுதான். சொல்லின் பொருள் அறியாதவனே பண்டமாற்றில் ஏமாறுகிறான்.

வீரர் ஒருவரின் முதலாண்டு அட்டையே ‘ரூக்கி’. முனை மழுங்காமல், மடிப்பின்றிப் புத்தம் புதிதாய் இருப்பது ‘மின்ட்’. தரம் பார்க்கும் நிறுவனங்கள் 1 முதல் 10 வரை மதிப்பெண் இடுகின்றன.

அமெரிக்கப் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டையொன்று 9.5 மதிப்பெண் பெற்றது. 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அது அவருடைய ரூக்கி அன்று; ரூக்கி 1951இல் வந்த பௌமன் அட்டையே! எனவே, பெயர் மட்டும் விலையாகாது.

மாற்றுமுன் பொருள் கேளுங்கள். பெரியவர்களே, சிறியவர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அட்டை கைமாறலாம்; நாணயம் கைநழுவலாகாது.